உக்கிரபாண்டி விற்ற வெள்ளை நாய்

சோழபுரம் உக்கிரபாண்டி, வாங்க வந்தவர் கண்ணெதிரே, நாய்க்குட்டியின் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிக் காட்டித்தான் விற்பார். ராஜபாளையம் வட்டாரத்தில் நாய் வளர்க்கிற மற்றவர்களுக்கு அது பிடிக்காது. பிழைக்கத் தெரியாத ஆள் என்பார்கள். 1987 வரைக்கும் அவரும் பிழைக்கத் தெரிந்த ஆளாகத்தான் இருந்தார்.

வெள்ளை வெளேரென்று, மூக்கு ரோஸ் நிறத்தில் இருந்தால்தான் நம் ஊர் நாய்க்கு மதிப்பு. அந்த வெள்ளையோடு சில குட்டிகள் செவிடாகவும் பிறந்துவிடும். வளர்க்கிறவர்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். உக்கிரபாண்டியின் ராசு அப்படிப் பிறந்தவன். பக்கத்தில் வெடி வெடித்தாலும் காது அசையாது. ஆனால் தரையில் காலை ஓங்கி மிதித்தால் அதிர்வு தெரிந்து சட்டென்று திரும்புவான். அவர் பழக்கிய வித்தை அது.

அந்த வருஷப் புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கும் பெருமாளைக் கும்பிட, மெட்ராஸிலிருந்து தனுஷ்கோடி என்ற பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர்; பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மனைவி இறந்து ஆறு மாதம், பிள்ளைகள் இல்லை. துணைக்கு ஒரு நாய் வேண்டுமென்று உக்கிரபாண்டி காவல் இருந்த மாந்தோப்புக்கு வந்தவர், ஐந்து நாய்களில் ராசுவைத்தான் கைகாட்டினார். கூப்பிட்டால் வருவானா என்று கேட்டார். உக்கிரபாண்டி வாயால் பெயரைச் சொல்லிக்கொண்டே காலால் தரையை மிதித்தார். ராசு ஓடி வந்தான். கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

செவிட்டு நாயை யார் வாங்குவார், நல்ல மனுஷன் வீட்டில் சோறாவது ஒழுங்காகக் கிடைக்கட்டும் என்று உக்கிரபாண்டி தனக்கு ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். இந்த மாதிரி நியாயங்களுக்கு எவனுக்கும் பஞ்சம் வந்ததில்லை.

தை மாதம் கடிதம் வந்தது. வீட்டுச் சிமெண்டுத் தரையில் கைத்தடியை ஊன்றினாலே ஓடி வருகிறவன், கடற்கரையில் சங்கிலியைக் கழற்றிவிட்டதும் போய்விட்டானாம். "தொண்டை கட்டக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவனுக்கு என்ன குறை வைத்தேன்?" என்று எழுதியிருந்தார் தனுஷ்கோடி.

"உள்ளத எழுதிப் போட்ருங்க. அவிய மனசாவது ஆறும்" என்றாள் மனைவி வெள்ளத்தாய். உக்கிரபாண்டி கேட்கவில்லை. நாயைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் உண்மையைச் சொல்லாமலே தப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. பட்டாளத்தில் இருந்த அண்ணனின் கித்தான் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினார்.

அதற்கு முன் அவர் கடலைப் பார்த்ததே இல்லை. ஐந்து நாள் கரையோரமாகவே நடந்தார். கிடைத்த இடத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். குப்பம் குப்பமாக நுழைந்து கேட்டார். ஓலைக் குடிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு குழாய்க்கு நூறு குடங்கள் வரிசையில் இருந்தன. அந்தத் தண்ணீரிலும் அவருக்கு ஒரு சொம்பு மொண்டு கொடுத்தார்கள். நாய்க்காக இவ்வளவு தூரமா என்று சிரிக்கவும் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் தூரத்தில் ஒரு வெள்ளை நாயைக் கண்டு, பழக்கதோஷத்தில் காலை ஓங்கி மிதித்தார். கணுக்கால் வரை மணலில் புதைந்தது. அதிர்வே இல்லை. அது வேறு நாய்தான். ஆனால் ராசுவுக்கு இருந்த ஒரே வழியும் இந்த மணலில் அடைபட்டுப்போனது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஐந்தாம் நாள் மீன் விற்கிற அங்காளம்மாள் அடையாளம் சொன்னாள். பத்து நாளாக அவள்தான் அவனுக்கு மீன்தலை போட்டிருக்கிறாள்.

"முந்தாநேத்து நாய் புடிக்கிற வண்டி வந்துச்சுபா. சத்தம் கேட்டதும் எல்லா நாயும் ஓடிப்போச்சு. இது மட்டும் கடலப் பாத்துக்கினு குந்தினு இருந்துச்சு. நானும் கத்துனேன், திரும்பவே இல்ல."

முந்தாநாள் உக்கிரபாண்டி பக்கத்துக் குப்பத்தில்தான் இருந்தார். பிடித்த நாய்களை அடைக்கும் இடத்தை விசாரித்து ஓடினார். அன்றைக்குப் பிடித்ததையெல்லாம் கொன்றாயிற்று, ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள்.

அப்படியே ஊருக்கு பஸ் ஏறியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கால்தான் தனுஷ்கோடி வீட்டுக்குப் போனது. கதவைத் திறந்த கிழவர், கிடைத்தானா என்றுகூடக் கேட்கவில்லை.

"எம்மேல அவனுக்கு என்ன கோவம்?" என்றார்.

"கோவம் இல்லய்யா. ராசு செத்துப்போயிட்டான். அவனுக்குப் பொறக்கும்போதே காது கேக்காது. நாந்தான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

கிழவர் திட்டவில்லை. கைத்தடியைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மெல்ல அழத் தொடங்கினார்.

"அவ போன பொறவு நான் பேசுனது அவன்கிட்ட மட்டுந்தான்யா. தெனமும் சாயங்காலம் அவளப் பத்தித்தான் சொல்லுவேன். என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பான். அம்புட்டுல ஒண்ணுகூட அவனுக்குக் கேக்கலையா?"

உக்கிரபாண்டி முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.