பாலத்தில் பேச ஓர் ஆள்

கால்வாய்ப் பாலத்துக்கு நாலு கடை முன்னாலேயே ஹபீபுல்லா வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவார். உள்ளங்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து முழங்கால்மேல் தேய்த்துக்கொள்வார். பிறகு, பின்னால் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் சரி, தலையைத் திருப்பாமலே சொல்வார்:

"பேசு நைனா. எதுனா பேசு. அந்தாண்ட போற வரைக்கும் நிறுத்தாத."

புதிதாக ஏறியவர்கள் திகைத்துப்போவார்கள். ராயபுரத்துக்காரர்களுக்கு இது பழக்கம். அவர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். கொருக்குப்பேட்டைக் கால்வாய்மேல் இருப்பது ஒன்றும் பெரிய பாலம் இல்லை. வீட்டில் என்ன சமையல் என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி மறுகரையில் இறங்கிவிடும். இறங்கியதும் ஹபீபுல்லா ஒரு பெருமூச்சு விட்டு, "ஆச்சு" என்பார். அதற்குப் பின் அவரைப்போல நிதானமான டிரைவரை வடசென்னையில் காண்பது கடினம்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். கல்மண்டபத்தில் வாடகைக்கு நிற்கும் இரண்டு மூன்று கார்களில் அவருடையதுதான் பழையது. மேலே துணிக்கூண்டு போட்ட திறந்த வண்டி. கூண்டு கிழிந்த இடத்திலெல்லாம் காசிமேட்டில் வாங்கிய படகுப் பாய்த்துணி ஒட்டுப் போட்டிருக்கும். தானே தைத்ததாகப் பெருமையோடு சொல்வார். அவர் வண்டியில் பத்திரிகை பிரித்துப் படிக்க அனுமதி கிடையாது. "பேப்பர் படிக்கறதுன்னா பஸ்ஸுல போ. நம்ப வண்டில பேசிகினு வா" என்று துறைமுகத்துப் பெரிய குமாஸ்தா ஒருவரிடமே சொல்லியிருக்கிறார். அவரும் மடித்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் போவார். கடற்கரையை ஒட்டிய அந்தச் சாலையில், காற்றுக் காலத்தில் அலை எகிறி வண்டிச் சக்கரத்தை நனைக்கும். பெண்கள் கூச்சல் போடுவார்கள். ஹபீபுல்லாவோ முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பார். கால்வாய்க்கு நடுங்குகிறவர் கடலுக்கு அஞ்சாதது எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"கடல் இன்னா பண்ணும்? அது பக்கத்துல கீது. பாலத்துல தண்ணி காலுக்குக் கீழ கீது. ரெண்டும் ஒண்ணா நைனா?" என்றார். நான் முட்டாள்தனமாக எதையோ கேட்டுவிட்டதுபோல் இருந்தது அவர் முகம்.

யோசிக்க நேரம் கொடுக்காமல் ஒருவனைப் பேசச் சொன்னால், மனசில் மேலாக எது மிதக்கிறதோ அதுதான் வாயில் வரும். இது ஹபீபுல்லாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, அந்தப் பாலத்தின்மேல் மனிதர்கள் வாய்தவறி எத்தனையோ உண்மைகளைச் சொல்லியிருக்கிறார்கள். தம்பியோடு பேசாமல் வருஷக் கணக்கில் இருக்கும் அண்ணன், புகுந்த வீடு பிடிக்காத புதுப் பெண், எல்லாரும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னவர்கள்தாம். அதில் ஒரு சொல்கூடக் கல்மண்டபத்து டீக்கடைக்கு வந்ததில்லை. துருவிக் கேட்டால், "பாலத்துல சொன்னது பாலத்துக்குத்தான்" என்று எழுந்து போய்விடுவார்.

நானும் அப்படி மாட்டிக்கொண்டவன்தான். ஒரு மழைநாளில் கொருக்குப்பேட்டையில் ஒரு துக்க வீட்டுக்குப் போகும்போது, "பேசு நைனா" என்றார். பள்ளிக்கூட வாத்தியார் நான். பேச விஷயமா இல்லை? ஆனால் வாயில் வந்தது என் அக்காள் மகள் தேவப்பிரியத்தைப் பற்றி.

அவளுக்கு அப்போது பதினேழு வயது. என் அத்தான் தங்கப்பாண்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் புளி மண்டி வைத்திருப்பவர். தேவப்பிரியம் படிப்பில் கெட்டிக்காரி. கடலூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் அங்கே போய்ச் சேர்வதுதான் முடியாமல் இருந்தது. ரயிலோ பஸ்ஸோ, ஏறிக் கதவைச் சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டும். முகம் வெளுத்து, கை கால் விறைத்து, இறங்கினால்தான் உயிர் திரும்பும். எழும்பூரில் இரண்டு தடவை ரயிலேற்றி இரண்டு தடவையும் மாம்பலத்தில் இறக்கிக் கூட்டி வந்திருந்தோம். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். உறவினர்கள் ஜெபம் செய்தார்கள். எதனால் இப்படி என்று எல்லாரும் கேட்டுக் கேட்டு, அவள் பதில் சொல்வதையே விட்டுவிட்டாள். திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும். அப்படிப் போய்விட்டால், சாத்தான்குளத்தில் தமக்கு வேண்டியவர் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதாக அத்தான் முடிவு செய்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரும் பயந்துபோயிருந்தார்.

இவ்வளவையும் பாலத்தின்மேல் சொல்லி முடிக்கவில்லை. மறுகரையில் வண்டியை ஓரம் கட்டி, மழைக்குள் உட்கார்ந்து, மீதியையும் கேட்டுக்கொண்டார் ஹபீபுல்லா. பிறகு, "நம்ப வண்டிக்குக் கதவு இடுப்பு வரைக்கும்தான் நைனா. கூண்ட மடக்கிட்டா மேல வானம். பாப்பாவ ஒரு தபா எண்ணூர் வரைக்கும் கூட்டிகினு வா, பாப்போம்" என்றார்.

மழை விட்ட மறுநாள் போனோம். திருவொற்றியூர் தாண்டியதும் தேவப்பிரியத்தின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. நான் சொல்வதற்கு முன்பே ஹபீபுல்லா வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டார். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் இறங்கிப் போய் மணலில் உட்கார்ந்தாள். கட்டுமரங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த ஹபீபுல்லா கேட்டார்:

"வர்றதுக்கு முன்னாலயே தெரியுமா பாப்பா, இல்ல திடீர்னு வந்துகினு நிக்குமா?"

அதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. எதனால் வருகிறது என்றுதான் நாங்கள் கேட்டிருக்கிறோமே ஒழிய, எப்படி வருகிறது என்று கேட்டதில்லை. அவள் யோசித்து, முதலில் விரல் நுனி மரத்துப்போகும் என்றாள். தமக்கு உள்ளங்கை வேர்க்கும் என்றார் அவர். அப்போதுதான் தம்முடைய கதையைச் சொன்னார். யுத்தத்தின்போது அஸ்ஸாம் பக்கத்தில் பட்டாளத்து லாரி ஓட்டியிருக்கிறார். வெள்ளத்தில் ஓர் ஆற்றின்மேல் படகுகளைக் கோத்துப் பாலம் போட்டிருந்தார்கள். அவருக்கு முன்னால் போன லாரியை ஓட்டியவர் தவசிமுத்து, அவருடைய தோஸ்து. பாலம் அறுந்து லாரி தவசிமுத்துவோடு ஆற்றுக்குள் போயிற்று. ஹபீபுல்லாவின் லாரி விளிம்பில் நின்றது. அன்றிலிருந்து பாலத்தின்மேல் ஒரு மனிதக் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தால்தான் கை ஓடும்.

"வெக்கமா இருக்காதா பாய்?" என்று தேவப்பிரியம் கேட்டாள்.

"முதல்ல இருந்துச்சு. அப்பால, வெக்கப்பட்டுகினே வூட்ல குந்தினு இருந்தா பேஜாரா போச்சு. கேட்டுட்டா பேசறாங்க. அவ்ளோதான்."

எண்ணூருக்குப் புறப்படும்போது அவள் பின்னால் ஏறவில்லை. தானாகவே போய் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரச் சனிக்கிழமை விடியும்போது கிளம்பினோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த வழியாகவே கடலூர் போவது என்று தீர்மானம். கை தூக்கினால் வண்டி நிற்கும் என்பது அவளுக்கும் அவருக்கும் ஏற்பாடு. ஊருக்குள் இருந்த பாலங்களை நான் பேசிக் கடத்திவிட்டேன். செங்கல்பட்டு வரைக்குமே பலமுறை கை தூக்கினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. பாலாற்றுப் பாலம் வந்தபோது நான்தான் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். ஹபீபுல்லா எட்டிப் பார்த்தார். கீழே வெறும் மணல்.

"தண்ணி இல்லாட்டி இது பாலம் இல்ல, ரோடு" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். தேவப்பிரியம் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

மதுராந்தகம் கடந்து, மரக்காணத்தில் மறுபடி கடல் காற்று முகத்தில் அடித்தது. உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. புதுச்சேரி தாண்டிச் சின்னதாக ஒரு பாலம். அவர் கேட்க, அவள் தன் பள்ளிக்கூடத்துத் தோழிகளைப் பற்றிக் கூச்சத்தோடு ஏதோ சொன்னாள். கடந்துவிட்டோம். பிறகு வந்தது பெண்ணையாறு.

கடல் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே கோடையிலும் தண்ணீர் இருந்தது. பாலம் நீளம். நாங்கள் நடுப்பாலத்துக்கு வரும்போது எதிரே வைக்கோல் ஏற்றிய இரண்டு வண்டிகள் பாதையை அடைத்துக்கொண்டு வந்தன. ஹபீபுல்லா ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுபோயிற்று. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பச்சை நிறத்தில் தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது.

மாட்டு வண்டிகள் போய்விட்டன. ஹபீபுல்லா நகரவில்லை. அவர் கைகள் ஸ்டியரிங் சக்கரத்தை விட்டு மடியில் விழுந்து கிடந்தன. நான் பின்னாலிருந்து எதையெதையோ பேசிப் பார்த்தேன். அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கழுத்து முழுக்க வேர்வை. கடைசியில் மெல்லச் சொன்னார்:

"என்னால ஆவாது பாப்பா. நீங்க எறங்கி நடந்து அக்கரைக்குப் போயிருங்க. நான் யாரயாச்சும் பாத்து வண்டிய தள்ளிகினு வரேன்."

தேவப்பிரியத்தின் விரல்கள் விறைக்கத் தொடங்கியிருப்பதை நான் பார்த்தேன். கதவு அவள் பக்கத்திலேயே இருந்தது. இறங்கு என்றால் அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் அதைவிட இனிய வார்த்தை கிடையாது. அவள் கதவின்மேல் கை வைத்தாள். நானும் எழுந்துவிட்டேன். ஆனால் அவள் இறங்கவில்லை. விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு, கடலைப் பார்த்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் எறங்க மாட்டேன் பாய். நீங்க எடுங்க, நான் பேசுதேன். மாமா, நீங்க போய் முன்னால கம்பியப் போட்டுச் சுத்துங்க."

நான் இறங்கி ஓடினேன். எஞ்சினைக் கிளப்பும் கம்பியைச் செருகிச் சுற்றும்போது அவள் குரல் கேட்டது. எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கருவாட்டை வெந்நீரில் அலசவேண்டும். வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கவேண்டும். தேங்காய் அரைத்து விடவேண்டும். குரல் நடுங்கியது, நடு நடுவே மூச்சுக்காக நின்றது, ஆனால் விட்டுவிடவில்லை. புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றவேண்டும் என்று அவள் சொன்னபோது, ஹபீபுல்லா அவள் பக்கம் திரும்பினார்.

"மாங்கா போட மாட்டீங்களா?"

"மாங்கா போட்டா புளியக் கொறைக்கணும்."

"எங்கூட்ல மாங்கா இல்லாம வெக்கறதே இல்ல. கத்திரிக்கா?"

"கத்திரிக்கா உண்டு. ஆனா கடேசில போடணும், கொழைஞ்சிரக் கூடாது. எஞ்சின் ஓடுது பாய், மெள்ள விடுங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் தாவிப் படியில் ஏறிக்கொண்டேன். வண்டி நத்தைபோல ஊர்ந்தது. கத்திரிக்காயை எப்போது போடுவது என்று அவர் தர்க்கம் பண்ண, அவள் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்ல, பெண்ணையாறு பின்னால் போயிற்று.

அக்கரையில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கி, வேரின்மேல் உட்கார்ந்தார் ஹபீபுல்லா. அவள் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "எவ்ளோ பேரயோ நான் கூட்டிகினு போயிருக்கேன். என்ன ஒருத்தர் கூட்டிகினு வந்தது இதான் பாப்பா முதல் தபா" என்றார். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அவை சரியாக இருந்தன.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தேவப்பிரியம் விடுமுறைக்கு ரயிலில்தான் வருகிறாள். கதவோரம் உட்கார்ந்து வருகிறாள். சில சமயம் நடுவழியில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கிறாள். ஆனால் வந்து சேர்ந்துவிடுகிறாள். சாத்தான்குளத்துப் பேச்சை அத்தான் இப்போது எடுப்பதில்லை. ஹபீபுல்லா பழையபடி கல்மண்டபத்தில் நிற்கிறார். கால்வாய்ப் பாலத்தில் பழையபடி பேசச் சொல்கிறார். தொழுகையில் உங்கள் பெயரைச் சொல்ல என் அக்காளுக்குத் தெரியாது, ஆனால் ஞாயிறு தவறாமல் ஜெபத்தில் சொல்கிறாள் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். "சொல்லட்டும், நல்லதுதானே" என்று தலையை ஆட்டினார்.

அன்று கடலூரில் விடுதி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். ஆண்கள் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவேண்டும் என்றார்கள். அவள் விடைபெற்று, வேப்பமரங்களின் நடுவே நடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய தகரப் பெட்டியை எடுத்துப்போக ஆள் வருவதாகச் சொன்னார்கள். வழியெல்லாம் படிந்த செம்மண்ணில் பெட்டியின் நிறமே தெரியவில்லை. மூடியில் அவள் பெயர், அத்தான் பெயர், ஊர், தெரு என்று வரிவரியாக எழுதியிருந்தது. ஹபீபுல்லாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

"இதுல பாப்பா பேரு எங்க கீது நைனா?" என்றார்.

நான் விரலால் காட்டினேன். அவர் மண்டியிட்டு, சட்டைக் கையின் நுனியை உள்ளங்கைக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் எழுத்து எழுத்தாகத் துடைத்தார். பிறகு, பெயர் வாசலைப் பார்க்கும்படி பெட்டியைத் திருப்பி வைத்தார்.