வகுப்பின் தலைப்பில் இருந்த என் பெயர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு மொன்றியலில் நான் கட்டியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். அலுவலகங்களைத் துப்புரவாக்கும் கொம்பனி. பக்கவாட்டில் என் பெயர் எழுதிய வான் வண்டிகள். பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. அதன் பேஸ்மென்டுக்குச் சுவர் எழுப்பி, தரை பாவி, ஹீட்டர் பூட்டியது இந்தக் கைகள். கோயில் மண்டபத்து மேடைக்குப் பலகை அடித்ததும் இதே கைகள்தான். திறப்பு விழாவில் வேறொருவருக்கு மாலை போட்டார்கள், அதையும் நான் மறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கல்லூரி ஆசிரியையை உருவாக்கினேன். அவள் என் மகள்.

பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. தகப்பனின் பெயர்தான் பிள்ளையின் பின்பெயர். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்திலோ, கலியாணம் கட்டினாலும் பெண் பிறந்த பெயரோடுதான் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே மகள் கல்லூரியில் எந்த அறைக்குப் போனாலும் அங்கே எழுதியிருந்தது என் பெயர். மருமகனுக்குச் சோறு போடும்போதெல்லாம் இதை அவனுக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.

வீடுகளுக்கு இன்டர்நெட் வேகமாக வரத் தொடங்கிய வருடங்கள் அவை. வேலைக்கும் குழந்தைக்கும் நடுவில் பஸ் ஏறிக் கல்லூரிக்கு வரமுடியாத பெண்களுக்காக, மகளிடம் ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் எழுதிப் படிப்பது. ஒரு பருவம் பார்த்துவிட்டுத்தான் தொடர்வதா இல்லையா என்று சொல்வார்கள். அவள் பக்கத்தில் கர்க்லாண்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்து குழந்தையை என் மனைவியிடம் விட்டுவிட்டு, என் பேஸ்மென்டில் இருந்து வகுப்பை நடத்தினாள்.

"இதென்ன பிள்ளை, நீ கேள்வியை மட்டும் போட்டிட்டுச் சும்மா இருக்கிறாய். ஆர் படிப்பிக்கிறது?"

"எல்லாரும்தான், அப்பா. ஆகலும் கதைக்காத ஆளுக்குத்தான் முதல் கதைக்க இடம். அவையவையின்ர சீவியமும் படிப்புத்தான். சோதினைப் புள்ளியும் சேர்ந்து கதைச்சுத்தான் போடுவம்."

"அப்ப உனக்கேன் சம்பளம்?"

சிரித்தாள். இதுதான் பெண்ணிய முறையில் படிப்பிப்பது என்றாள்.

வீட்டு வேலையைப் பற்றிய வாரம் வந்தபோது, விருந்தாளியாகப் பேச அவள் கூப்பிட்டது என் மனைவியை. மனைவி தமிழில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் குழந்தைக்குச் சோறு தீத்த மேலே போன நேரம், திறந்திருந்த கம்ப்யூட்டரில்தான் கண்டேன். கொன்ட்ராக்ட் பேப்பர்கள் வாசித்துப் பழகிய ஆங்கிலம் எனக்குப் போதும். 'கொம்பனிக்குப் பெயர் அவருடையது. தரை துடைத்தது நான். இதுவரை ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்' என்று இருந்தது. கீழே பெண்கள் வரிசையாகப் பதில் எழுதியிருந்தார்கள். தொடக்கத்திலிருந்து ஒரு வரியும் எழுதாத ஒருத்திகூடத் தன் புருஷனைப் பற்றி நீளமாக எழுதியிருந்தாள்.

எழுதும் பெட்டிக்கு மேலே மகளின் பெயரில் ஒரேயொரு எழுத்து. அதற்குப் பக்கத்தில் என் பெயர், முழுதாக. வகுப்பின் தலைப்பிலும் அதுதான். எல்லோருடைய சீவியமும் படிப்பு என்றால் என்னுடையது என்ன? இருந்து எழுதினேன்.

'இந்த மனுசிக்கு இத்தனை வருடத்தில் இரண்டு வார்த்தை பிரெஞ்சு வராது. பஸ்ஸில் தனியே போகத் தெரியாது. தரை துடைக்கும் மொப்பைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான். மொப் பிடிப்பது அறிவு என்றால் வாளிக்கும் ஒரு பட்டம் கொடுங்கள். அழுவதை விட்டுவிட்டுப் போய்ச் சமையுங்கள்.'

அடுத்த நாள் மகள் படியிறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நீளமாக எழுதியிருந்த அந்தப் பெண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வகுப்பை விட்டே போய்விட்டாள். இன்னொருத்தி கல்லூரிக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டாள்.

"என்ர பேரிலை ஏன் எழுதினனீங்கள்?"

"உன்ர பேரோ? வடிவாப் பார். ஒரு எழுத்துத்தான் உன்ர. மிச்சம் ஆற்ற பேர்?"

"அவை நான் எழுதினதெண்டு நினைச்சிட்டினம், அப்பா. சொந்தத் தாயை நானே இப்பிடிச் சொன்னனெண்டு."

"அப்ப அழிச்சுவிடு."

"அழிக்க மாட்டன்."

எழுதியது தன் தகப்பன் என்று வகுப்புக்கும் கல்லூரிக்கும் அறிவித்தாள். இதை என்ன செய்வது என்பதை நீங்களே முடிவெடுங்கள் என்று மாணவிகளிடம் விட்டாள். அவளுடைய முறை அப்படி. அடுத்த வாரத்துப் பாடமே அதுதான் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். நான் எழுதியதை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் என் மனைவியிடம் பதில் கேட்டார்கள். நான் படியில் நின்றேன். மனைவி கதிரையில் இருந்து, தலையைத் திருப்பாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பிரெஞ்சு வகுப்பு பின்னேரத்திலை. பின்னேரத்திலை நான் இவற்ற கொன்ட்ராக்ட் கட்டிடத்திலை. பஸ்ஸிலை போகத் தெரியாதது உண்மைதான். வானின்ர பின்பக்கத்திலை வாளியளோடைதான் என்னையும் ஏத்திக்கொண்டு போறவர்."

"இஞ்சாரும், நான் இதிலை நிக்கிறன்."

"ஓம், தெரியும். பிள்ளை, அதையும் எழுது. நிக்கிறார் எண்டு."

கல்லூரி பாடத்தைத் தொடரச் சொன்னது. ஆசிரியர்கள் கூட்டத்தில் மகள் அந்த வாரத்தைப் பற்றித்தான் பேசினாளாம். மற்றவர்களும் அந்த முறையைத் தங்கள் வகுப்புகளில் செய்து பார்க்கப் போகிறார்களாம். ஓடிப்போனவள் திரும்பி வரவில்லை. நாலு வரி தாங்காதவள் படித்து என்ன செய்யப் போகிறாள்.

பேந்து ஒருநாள்தான் பார்த்தேன். தலைப்பில் என் பெயர் இல்லை. ஆசிரியை, மாணவி எல்லோருக்கும் முன்பெயர் மட்டும். கேட்டதற்கு, "அதுதான் எல்லாருக்கும் சுகம், அப்பா," என்றாள். நான் எழுதியது மட்டும் அங்கேயே இருக்கிறது, ஒவ்வொரு பருவமும் அதை எடுத்துப் படிக்கிறார்கள். மேலே 'ஒரு தகப்பன்' என்று போட்டிருக்கிறது. குழந்தை இப்போது கர்க்லாண்டில் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறது. மனைவி பின்னேரங்களில் பஸ் பிடித்துப் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறாள். பேஸ்மென்டில் ஹீட்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஒரு தகப்பன் என்றால் யார்? இந்த நகரத்தில் எத்தனை தகப்பன்மார். அந்த மேசையும் சுவரும் வெளிச்சமும் நான் கொடுத்தவை. அந்த வாரத்தைப் பாடமாக்கிய எழுத்து என்னுடையது. என் மனைவி வாய் திறந்து சொன்னதெல்லாம் எனக்குச் சொன்ன பதில். நான் எழுதாவிட்டால் அவளிடம் யார் வரிவரியாகக் கேட்டிருப்பார்கள்? மேடைக்குப் பலகை அடித்தபோது மாலையை வேறு கழுத்தில் போட்டார்கள், பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க மாட்டேன். அந்த 'ஒரு தகப்பன்' என்பதை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லுங்கள். முன்பெயரும் பின்பெயரும், முழுதாக.