விரதத்தில் குடித்த டின்

பிள்ளை வரம் கேட்டு என் கணவர் வருடந்தோறும் குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, காளி வேடம் கட்டுவார். விரதத்தில் ஒருவேளைச் சோறுதான். பசிக்கு எனர்ஜி டிரிங்க்கை டின் டின்னாகக் குடிப்பார். "இது தண்ணிதான, விரதம் முறியாது" என்பார். மற்ற நாட்களிலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

குழந்தைக்காகப் பார்த்த வைத்தியத்தில் ஊசியும் மருந்தும் எனக்கு மட்டும். டாக்டரம்மா அதட்டிய பிறகே அவர் பரிசோதனைக்கு வந்தார். உயிரணுக்கள் குறைவு. "அந்த டின்னும் காரணமா இருக்கலாம். முதல்ல அதை நிறுத்துங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "ஒன் வயித்துல என்ன கோளாறுன்னு டாக்டரம்மா சொல்லுதா?" என்று என்னிடம் கேட்டார். கணவர் தலைகுனிந்து நின்றார்.

"கோளாறு அவுகளுக்குத்தான், அத்தை" என்று நான்தான் சொன்னேன்.

இப்போது அவர் டின்னைத் தொடுவதில்லை. ஆனால் அம்மனுக்காகப் பட்டினி கிடந்தவருக்கு, எனக்காக ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.