கச்சாங் கேட்ட சாமி

எழுபத்தாறாம் வருடத்திலிருந்து எண்பத்திரண்டு வரை தங்கராஜுவோடு பதினோரு மேடைக் கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேன். ஒன்றில்கூட டிரம்ஸ்காரன் தனியாக வாசிக்கும் பகுதியை நான் முழுதாகப் பார்த்ததில்லை. கச்சேரிக்குப் போகிறவன் எதற்காகப் போகிறான்? பாடுகிறவன் ஒதுங்கி நின்று முகத்தைத் துடைத்துக்கொள்ள, டிரம்ஸ்காரன் ஒருவனே பத்து நிமிடம் வெளுத்து வாங்குவானே, அதற்காகத்தான். அந்தப் பத்து நிமிடமும் நான் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தெய்வத்துக்கு உபசாரம் செய்துகொண்டிருந்தேன். இந்த வயிற்றெரிச்சலை இத்தனை வருடமாக யாரிடமும் கொட்டியதில்லை.

என் பெயர் ஜலால். மலைமேல் இருக்கும் தானா ராத்தாவில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை. வெள்ளிக்கிழமைத் தொழுகை தவறாதவன். பாட்டுப் பைத்தியமும் உண்டு. கடையில் காலை முதல் ராத்திரி வரை கேசட் ஓடும். ரொட்டிக்கு மாவு வீசும்போதே தாளம் தப்பாமல் வீசுவேன் என்று எனக்கு நானே பெருமை பேசிக்கொள்வேன், வேறு யாரும் பேசாததால்.

தங்கராஜு கியா பார்முக்கு அப்பால் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், ஆலையில் இலை உருட்டும் மெசினில் நின்றவன். ஓய்வு நாளில் டவுனுக்கு இறங்கினால் என் கடையில்தான் உட்காருவான். அவனைப் பற்றி இரண்டு விசயம் தோட்டம் முழுக்கத் தெரியும். ஒன்று, கச்சாங் என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை அவனுக்கு ஆகாது. ஒரு கல்யாணத்தில் சட்னியில் கச்சாங் அரைத்திருப்பது தெரியாமல் தின்றுவிட்டான். உதடு இரண்டும் அதிரசம் மாதிரி உப்பிவிட, தோட்டத்து லோரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்தவர்களைவிட அன்று அவன் உதட்டைப் பார்த்தவர்கள் அதிகம்.

இரண்டாவது, அவன் முனீஸ்வரன் கோயில் சாமியாடி. அவன் அப்பாவுக்கு வந்த சாமி, அவர் போன பிறகு இவனிடம் வந்தது. திருவிழா அன்று உச்சிப்பொழுதில் உறுமி அடித்தால் போதும், அருவாளைக் கையில் எடுத்துவிடுவான். பிள்ளைக்குக் காய்ச்சல், புருசன் குடி என்று கேட்பவர்களுக்கெல்லாம் வாக்கு உண்டு. கெட்ட காலம், ஒரு வருடம் யாரோ ஒருவர் நாலு நம்பர் லாட்டரிக்கு என்ன எடுக்கலாம் என்று கேட்டார். சாமி எரிச்சலில் எதையோ சொன்னது. அது அடித்துத் தொலைத்தது.

மறு வருடத் திருவிழாவுக்குத் தேங்காய் பழத்தை மறந்து வந்தவர்கள் உண்டு, பென்சிலை மறந்து வந்தவர் யாருமில்லை. பிள்ளையின் காய்ச்சலைச் சொல்ல வந்தவளும் நம்பரைக் கேட்டுவிட்டுத்தான் காய்ச்சலைச் சொன்னாள். அந்த வருட நம்பர் எதுவும் அடிக்கவில்லை. அதற்கடுத்த வருடம் உறுமிக்காரர்கள் கை வீங்க அடித்தும் தங்கராஜு நட்ட கல்லாக நின்றான். அதற்கும் அடுத்த வருடமும் அப்படியே.

கோயில் தலைவர் ராமசாமி கங்காணி கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார். வரும் திருவிழாவிலும் சாமி வராவிட்டால் அருவாள் விஜயன் கைக்குப் போகும். விஜயன் அவருடைய அக்கா மகன். கொட்டாவி விட்டால்கூட உடம்பு ஆடுகிற பையன்.

“அருவா போனாப் போகுது, பாய்,” என்றான் தங்கராஜு, கடையில் ஆறிப்போன தேத்தண்ணியை வைத்துக்கொண்டு. “எங்கப்பா சாகுற வரைக்கும் அவர்கிட்ட வந்துச்சு. என்கிட்ட என்னா குத்தம் கண்டுச்சுன்னுதான் தெரியல.”

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு திடலில் மதியம் மூன்று மணிக்குக் கச்சேரி இருந்தது. கோலாலம்பூரிலிருந்து வரும் மலாய்க் குழு. அவனை இழுத்துக்கொண்டு போனேன். தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் நான் கச்சாங் கொறித்தபோது அவன் இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தான். மலைக்காரனுக்கு உலகம் முழுக்கக் குளிர்தான் போலும். ஈப்போ வெயிலில் கம்பளிச் சட்டையும் மப்ளருமாக வந்து நின்றான்.

முதல் நாலு பாட்டுக்கு வாயைப் பிளந்து பார்த்தான். ஐந்தாவது பாட்டின் நடுவில் மற்றவர்கள் ஒதுங்க, டிரம்ஸ்காரன் குச்சியைச் சுழற்றிப் பிடித்தான். ஆஹா என்று நான் நிமிர்ந்தேன். பக்கத்தில் தங்கராஜுவின் கால் கட்டைவிரல் துடித்தது. பிறகு முட்டி. பிறகு ஆள் மொத்தமும். அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் வந்தது பாருங்கள், எங்களுக்கு முன்னால் இருந்த வரிசை தானாகக் காலியானது.

பின்னால் நின்ற பையன்கள், தோள்வரை முடி வளர்த்தவர்கள், இது வெளிநாட்டிலிருந்து வந்த புது ஆட்டம் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவன் அதேபோல் ஆடினான். அப்புறம் ஐந்து பேர், ஐம்பது பேர். உறுமலையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் பக்கத்து ஊரான கம்பார் கல்யாண வீடுகளில்கூடப் பையன்கள் கண்ணை மேலே செருகிக்கொண்டு ஆடினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. தோட்டத்துக்காரர்கள் சாமியிடம் நான் எப்படிப் பேசுவது, என்ன கொடுப்பது, ஒன்றும் தெரியாது. விபூதி வேண்டும், எலுமிச்சம்பழம் வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் பையில் இருந்தது ஒரு கைக்குட்டையும் திரும்பிப் போகும் பஸ் டிக்கெட்டும். எதிரே ஒருவர் வந்து நின்றால் கடைக்காரனுக்கு வாயில் வரும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான்.

“என்ன சாப்பிடுறீங்க?” என்றேன். ஐந்து நிமிடம் முன்பு வரை ‘வாடா போடா’ என்று பேசிய ஆளிடம்.

ஆட்டம் நின்றது. சாமி என்னை நேராகப் பார்த்தது. அந்தப் பார்வை தங்கராஜுவுடையது இல்லை, அதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

“கேட்டியே,” என்றது. “நீ ஒருத்தனாச்சும் கேட்டியே. கச்சாங் வாங்கியா.”

அந்தக் கல்யாண உதடு என் கண் முன்னால் வந்தது. ஆனால் கேட்டவன் நான். கேட்டுவிட்டு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் கடையில் கிடையாது. அவித்த கச்சாங் விற்றவனிடம் இரண்டு பொட்டலம் வாங்கி நீட்டினேன். சாமி சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டு, தலையை ஆட்டி டிரம்ஸைக் கேட்டது. நான் டிரம்ஸையா பார்த்தேன்? உதட்டைப் பார்த்தேன். இப்போது வீங்கும், இதோ வீங்கும் என்று பத்து நிமிடம். ஒரு மண்ணும் வீங்கவில்லை. பாட்டு முடிந்தது, சாமி மலை ஏறியது, தங்கராஜு கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான்.

“கொஞ்சம் கண்ணசந்துட்டேன், பாய். யாரு என் மடியில தொலியைப் போட்டது?”

நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது.

“எனக்கு ஆறுதல் சொல்றேன்னு கதை கட்டாத லா. ரெண்டு பொட்டலம் கச்சாங் தின்னிருந்தா நான் இந்நேரம் ஆஸ்பத்திரியிலல்ல கிடப்பேன்?”

அடுத்த ஒரு வருடத்தில் இன்னும் மூன்று கச்சேரிகளுக்குப் போனோம். மூன்றிலும் டிரம்ஸ்காரன் குச்சியைச் சுழற்றியதும் சாமி வந்தது. மூன்றிலும் கச்சாங் தின்றது. மூன்றிலும் தங்கராஜு, பாட்டு நல்லா இருந்துச்சு, நடுவுலதான் தூங்கிப்போயிடுறேன் என்று வருத்தப்பட்டான்.

திருவிழா நெருங்கியது. பொறுக்காமல் ராமசாமி கங்காணி வீட்டுக்கே போய்ச் சாட்சி சொன்னேன். அவர் நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் விசாரித்தார்.

“நம்ம முனியைப் பார்த்தீங்களா, பாய்? எங்க?”

“ஈப்போவுல. மூணாவது வரிசையில.”

“கோயிலுக்கு வராத சாமி ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போச்சாக்கும்.”

“பஸ்ஸுக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.”

“வேற யாராச்சும் பார்த்தாங்களா?”

“நாலாயிரம் பேர் இருந்தாங்க. ஆனா எல்லாரும் ஆடிக்கிட்டு இருந்தாங்க.”

கங்காணி எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, வெயிலில் அலையாதீர்கள் என்று அனுப்பிவைத்தார்.

திருவிழா அன்று கடையைச் சாத்திவிட்டுப் போனேன். கோயில் முன்னால் திறந்த வெளியில் தங்கராஜு ஈர வேட்டியோடு நின்றான், கையில் அருவாள். ஓரமாக அவன் பெண்சாதி திலகம், வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு. சுற்றிலும் கூட்டம், காதில் பென்சிலும் கையில் சிகரெட்டு அட்டையுமாக. நான் செருப்பு விடும் இடத்தில், கச்சாங்காரன் பக்கத்தில் நின்றேன்.

உறுமி அடித்தார்கள். கால் மணி, அரை மணி. தங்கராஜுவின் கட்டைவிரல்கூட அசையவில்லை. கண்ணை மூடியிருந்தான், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கங்காணி உறுமியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். விஜயன் தோள்துண்டை இடுப்பில் கட்டி, இப்போதே லேசாக ஆடிக்கொண்டு, அருவாளுக்குக் கையை நீட்டினான்.

எனக்கு வந்தது கோபம். இத்தனை சனமும் கையில் பென்சிலோடு வந்திருக்கிறதே, விருந்தாளியை வரவேற்கிற லட்சணமா இது? நான் யார், இது என் இடமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன்.

“என்ன சாப்பிடுறீங்க?”

கட்டைவிரல் துடித்தது. அடுத்த நொடி வந்த உறுமலில் விஜயன் மூன்றடி பின்னால் போய் உறுமிக்காரன் மடியில் உட்கார்ந்தான்.

“கச்சாங்,” என்றது சாமி.

அந்தச் சட்னிக் கல்யாணத்தில் சாப்பிட்ட பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். நான் பொட்டலத்தோடு திரும்பி வருவதற்குள் திலகம் குறுக்கே விழுந்தாள்.

“வேணாம் சாமி. அவருக்கு ஆகாது சாமி.”

“அவனுக்குத்தான ஆகாது,” என்றது சாமி. “எனக்கென்ன?”

கங்காணி பொதுவாகச் சொன்னார்: “குறுக்க நிக்காதம்மா. சாமின்னா சாப்பிடட்டும். சாமி இல்லன்னா பத்து நிமிசத்துல தெரிஞ்சிடும்.” அப்படியே லோரிக்காரனைக் கூப்பிட்டு இஞ்சினைப் போட்டு வைக்கச் சொன்னார். பெரிய மனுசன், இரண்டு பக்கமும் யோசிக்கிறவர்.

சாமி உட்கார்ந்து தின்றது. முந்நூறு பேர் ஒரு மனுசனின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் நிலவரம் சொன்னார்கள்: மேலுதடு அப்படியே இருக்கு, கீழுதடும் அப்படியே இருக்கு. லோரி இஞ்சின் உறுமிக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தர் மட்டும் தின்ற கச்சாங்கை எண்ணிப் பென்சிலால் குறித்தார், அவரை அடித்துத் திருத்த முடியாது. பத்து நிமிடம் போய், அரை மணியும் ஆனது. உதடு, பெற்ற தாய் கொடுத்தபடி இருந்தது.

கங்காணி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஐயா,” என்றார், “இன்னும் ஒரு பொட்டலம் வாங்கட்டுங்களா?” நம்பர் அல்லாமல் அவர் சாமியிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று அப்புறம் திலகம் சொன்னாள்.

சாமி இறங்கிய பிறகு தோட்டமே சேர்ந்து தங்கராஜுவுக்கு நடந்ததைச் சொன்னது. அருவாள் உனக்குத்தான் என்றார்கள். அவன் மடியில் கிடந்த தொலியைப் பார்த்தான். முகம் தெளியவில்லை.

“பாய்,” என்றான் என்னைத் தனியே கூப்பிட்டு. “வயசாக ஆக உடம்பு மாறும்னு சொல்வாங்களே. ஒருவேளை இப்ப எனக்குக் கச்சாங் ஒத்துக்குதோ என்னமோ. தின்னது நானாக்கூட இருக்கலாம்ல?”

இவனை என்ன செய்வது சொல்லுங்கள். முந்நூறு பேரை நம்பவைத்தவன் தன்னை நம்பமாட்டேன் என்கிறான். சலித்துப்போய் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தபோது முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். எனக்கு அடையாளமே தெரியவில்லை. மேலுதடு மூக்கை முட்ட, கீழுதடு தாடையை மறைக்க, கண் இரண்டும் கோடாகிவிட்டன. இவ்வளவு அலங்கோலமான முகத்தில் இவ்வளவு சந்தோசத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஒரே ஒரு கச்சாங்கின் தொலி.

“ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன், பாய்,” என்றான், அந்த உதட்டை வைத்துக்கொண்டு முடிந்தவரை. “அப்ப நேத்துத் தின்னது நான் இல்ல. என்னை விட்டுப் போகல, பாய். போகவே இல்ல.”

அழுதான். நானும்தான். அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அவனைக் கைத்தாங்கலாக நடத்திப் போனேன். ஊசி போட வந்த நர்ஸ், என்ன தின்றாய் என்று மலாயில் கேட்டதற்கு அவன் பெருமையாகக் கச்சாங் என்றான். தெரிந்தே ஏன் தின்றாய் என்று அவள் திட்ட ஆரம்பித்தாள். அந்தத் திட்டுக்கு நடுவிலேயே என் பக்கம் திரும்பினான்.

“அடுத்த கச்சேரி எப்போ?”

“வர்ற மாசம். ஈப்போவுல.”

“டிக்கெட் மூணு எடு. உனக்கு, எனக்கு, அதுக்கு.”

மூன்றாகவே எடுத்தேன்.