சீமைக் காருக்கு அம்மா பொருத்திய டீசல் இஞ்சின்

அம்மா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேராவது அம்மா ஓட்டிய சீமைக் காரில் ஒருமுறை ஏறியிருப்பீர்கள். அந்தக் கார் எப்படி ஓடத் தொடங்கியது என்பது இளையவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல மகளாகிய எனக்குக் கடமை உண்டு.

அம்மா பிரம்மதேசத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மரக்காணத்தில் வாடகைக் கார் ஓட்டிய அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே வாசலில் அந்தக் கார் நின்றிருந்தது. புதுச்சேரியை விட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பமொன்று விற்ற பழைய வண்டி அது. எழுபதுகளின் நடுவில் பெட்ரோல் விலை ஏறியதும் சவாரி கட்டுப்படியாகவில்லை. டீசல் இஞ்சின் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்த அப்பா, உடைக்கப் போட்ட ஒரு வேனின் இஞ்சினை வாங்கிவந்து கொட்டகையில் இறக்கினார்.

அந்த வாரமே விபத்து நடந்தது. எங்கள் கிணற்றின் உப்புத் தண்ணீர் நாளடைவில் ரேடியேட்டரை அடைத்திருந்தது. சூடு ஆறுவதற்குள் அப்பா அதன் மூடியைத் திறக்க, கொதிநீர் முகத்தில் பாய்ந்தது. இரு கண்களும் வெளுத்துப் பார்வை போயிற்று.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாடும் சரியாக இல்லை. காரையும் இஞ்சினையும் பழைய இரும்புக்குப் போடும்படி உறவினர்கள் சொன்னார்கள். எங்கள் தேவாலயத்துப் பங்குச் சாமியாரும் அதுவே நல்லது என்றார். எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டு அம்மா அப்பாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இரும்புக்குப் போடறதுன்னா எப்ப வேணாலும் போட்டுக்கலாம். ஒரு வாட்டி மாட்டிப் பார்த்துடலாங்க. எந்த நட்டுல ஆரம்பிக்கணும், அத மட்டும் சொல்லுங்க."

அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மறுநாள் காலை அம்மா தாமாகவே கொட்டகைக்குப் போய் பழைய இஞ்சினைக் கழற்றத் தொடங்கினார். ஸ்பேனர் வழுக்கி வழுக்கிச் சத்தம் போட்டது. சற்று நேரத்தில் அப்பா சுவரைத் தடவிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார்.

"அந்த ஸ்பேனர் லூசா இருக்குது. நட்டு மழுங்கிடும். வேற எடு" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் தாமாகப் பேசிய முதல் பேச்சு அது.

அதன்பின் இருவரும் சேர்ந்தே செய்தார்கள். புது இஞ்சினின் துளைகள் பழைய கியர் பாக்ஸோடு பொருந்தவில்லை. பெரிய முதலியார்சாவடியில் லேத் பட்டறை வைத்திருந்த அம்மாவின் அண்ணன், எங்கள் சூசை மாமா, இரண்டுக்கும் நடுவே வைக்கக் கனமான இரும்புத் தகடு ஒன்றைக் கடைந்து கொடுத்தார். மூன்று சவுக்குக் கம்பங்களை நட்டுச் சங்கிலிக் கப்பியில் இஞ்சினைத் தூக்கி வண்டியில் இறக்கினார்கள். அதன் கனத்தில் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்தது, ஸ்பிரிங்கை வலுப்படுத்தினார்கள். அதிர்வு தாங்கப் பழைய டயரை வெட்டி அடியில் வைத்தார் அம்மா.

ஆனாலும் இஞ்சின் எடுக்கவில்லை. பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். டீசல் பம்பே கெட்டிருக்கும் போல என்று மாமா சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். டீசல் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும்படி அப்பா சொன்னார். அம்மா பார்த்தார். டீசலோடு குமிழ்கள் வந்தன. எங்கோ காற்றுப் புகுகிறது. டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிக்கொண்டே வந்த அம்மா, விரிசல் விட்ட வாஷர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதை மாற்றி, குமிழ் நிற்கும்வரை கைப்பம்பை அடித்து, வேறு பேட்டரியைப் போட்டுத் திருப்பியதும் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு இஞ்சின் எடுத்தது. அப்பா உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி, "ஓடுது" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்த அம்மாவுக்கு முகமெல்லாம் கரி. நாங்கள் சிரித்தோம். எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டு அப்பாவும் சிரித்தார்.

அம்மா உப்பளத்து மண்பாதையில் வண்டி பழகி லைசென்ஸ் எடுத்தார். பெண் ஓட்டும் காரில் ஏற முதலில் தயங்கியவர்கள், பிறகு அம்மா வந்தால்தான் ஆயிற்று என்றார்கள். ரேடியேட்டருக்கு மழைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் அவர் ஊற்றியதில்லை. உப்புக் காற்று அரிக்காமல் வாரந்தோறும் கழுவி கிரீஸ் தடவுவார்.

அடுத்த ஆண்டு அதே காரில் அப்பாவைச் சென்னைக்கு அழைத்துப் போனார். தானமாகக் கிடைத்த கருவிழியை ஒரு கண்ணில் வைத்துத் தைத்தார்கள். கட்டவிழ்த்தபோது பார்வை மங்கலாகத் தெரிந்தது. அந்த ஒரு கண்ணோடு அப்பா இன்றும் எங்களோடு இருக்கிறார்.

கடைசி நாட்களில் அம்மா நோயைக் குறைசொல்லவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்றே கேட்டார். அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அன்றாடம் நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கும், அடக்கத்தன்று மழையில் நின்ற உப்பளத் தொழிலாளர்களுக்கும், சூசை மாமாவின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அவருக்குத் துணையாக இருந்து இஞ்சினை மாற்றினார் என்று எழுதியிருந்தேன். அப்பா கைகாட்டி நிறுத்தினார்.

"அப்படி எழுதாதம்மா. வேலை அவளுது. நான்தான் கூட இருந்தேன்."

தலைப்பையும் அதன்படியே மாற்றிவிட்டேன்.