ஆட்டுப்பாலில் விழுந்த மஞ்சள்

ஆட்டுப்பால் சிவந்துபோனதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பெங்களூர் ஒக்கலிபுரத்தில், சூப்பர்வைசர் மேடம் வீட்டுச் சமையலறையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் எண்ணெயும் பாலும் சேர்ந்து மோர்க்குழம்பு பதத்துக்குத் திரண்டுகொண்டிருந்தன. நல்ல வெள்ளை. மேடம் கையுறை போட்ட கையால் மிக்ஸரைப் பிடித்துக் கலக்கிக்கொண்டிருந்தார்; நான் சோப்பு அச்சுகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். மேடத்தின் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். குளித்து, திருநீறு பூசி, பூஜை அலமாரியிலிருந்து கையில் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். மேடம் போன் அடிக்கிறதே என்று முகத்தைத் திருப்பிய நேரத்தில் அதைப் பாத்திரத்தில் தட்டிவிட்டார். முதலில் நடுவில் ஒரு சிவப்புக் கோடு. மிக்ஸர் சுற்றச் சுற்ற அது அகன்று, ஓரம்வரை போய், பாத்திரம் முழுக்கச் செக்கச்செவேல் என்றாகிவிட்டது.

"ஏங்க! என்னாத்தப் போட்டீங்க?"

"மஞ்சப்பொடிதான். மொத மொதல்ல பேத்திக்குன்னு செய்யுற. மங்களகரமா இருக்கட்டுமேன்னு..."

"மங்களமா? ஆரத்தி கரைச்சு வெச்சிட்டீங்களே! இத இப்ப யாரைச் சுத்தி ஊத்துறது? உங்களையா?"

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது தெரியாத வீடா இருக்கிறது நம்மில்? ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஆரத்தி கரைத்தவர்கள்தான் நாங்கள் மூவரும். ஆனால் சோப்புக்குள்ளும் காஸ்டிக் சோடா என்று ஒரு காரம் இருக்கிறது, அதுவும் சுண்ணாம்பின் வேலையைச் செய்யும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. டிரைவர் அண்ணன் கையிலிருந்த காலிக் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்லப் பின்வாங்கி வாசலுக்குப் போய்விட்டார்.

மேடம் எனக்குச் சொந்தமில்லை. பீன்யாவில் மின்சார சுவிட்ச் செய்கிற ஒரு யூனிட்டில் எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர். அந்த யூனிட்டை மூடிப் பல வருஷம் ஆனபிறகும் எங்களுக்கு அவர் மேடம்தான். அவர் பேச்சு எனக்கு இன்னும் மனப்பாடம். எனக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும். அவர்கள் சொன்னது மறக்காது. லைனில் யாராவது கொட்டாவி விட்டால், "வாயை மூடு, கையைத் திற" என்பார். "கை ஓடட்டும், கதை அப்புறம்" என்பார். இப்படி விரட்டுகிறவர், ஒரு சுவிட்சைத் தட்டிப் பார்த்து மனசு ஒப்பாவிட்டால் மட்டும் மேனேஜரே வந்து நின்றாலும் விடமாட்டார். "எம் மனசு ஒத்துக்காத பீஸு இந்தக் கதவைத் தாண்டாது சார்" என்று அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். சீக்கிரம் என்பதும் சரியாக என்பதும் அவரிடம் ஒரே மூச்சில் வரும். அவை இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும் நாள் வரும் என்று அப்போது யார் நினைத்தது?

யூனிட் மூடியதும் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியைக் கலைத்து அடுக்கினார், மறுபடி கலைத்தார். தான் டீ குடிக்கும் நேரத்தைக் கூட மேடம் கணக்கெடுக்கிறார் என்று டிரைவர் அண்ணனே என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். போன் வீடியோக்களைப் பார்த்துத்தான் மேடம் சோப்பு செய்யக் கற்றுக்கொண்டார். நான் வேலை தேடிக்கொண்டிருந்த காலம் அது. போய் நிற்பேன், கூடமாட எடுத்துக் கொடுப்பேன். சோப்பில் சேர்கிற ஒவ்வொன்றையும் அவர் எங்கள் லைன் ஆட்களைப்போலத்தான் பேசுவார். "தேங்காண்ணெய் இருக்கே, வாயாடி. நொரை நொரையா வரும். அதை மட்டும் நம்பினியோ, தோலை வறட்டிப் போட்டுடும். தவிட்டெண்ணெய் சத்தமே போடாது, தோலை மெத்துனு வெக்கிறது அதுதான். வெளக்கெண்ணெயைக் கொஞ்சமா சேர்த்தா போதும், வாயாடியோட நொரையைப் புடிச்சி நிறுத்தும்." காஸ்டிக் சோடா? "அது புதுசா வந்த மேனேஜர்டி. வந்ததும் எல்லாரையும் சுடும். எண்ணெய்ங்க எல்லாம் சேர்ந்து அவனை முழுங்கிடும். கடைசியில தேடினா ஆளு இருக்கக்கூடாது. இருந்தான்னா அது சோப்பு இல்ல."

ஆட்டுப்பால் மட்டும் அவர் மிரட்டலுக்கு அடங்காத ஆள். ரயில் பாதையோரம் ஆடு வளர்க்கும் பாயம்மாவிடம்தான் வாங்குவார். குட்டி குடித்து மிஞ்சியதைத்தான் அந்தம்மா கொடுக்கும். "குட்டி பேட் பர்னா, வயிறு நெறையணும், அப்புறம்தான் உங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே சொம்பைத் திருப்பிவிட்ட நாட்களும் உண்டு. கிடைத்த கொஞ்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, நாள்கணக்கில் சேர்க்க வேண்டும். உறைந்த பாலில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தூவ முடியும். அவசரப்பட்டு வெறும் பாலில் போட்டால் கொதித்துக் கருகி, குதிரை லாயம் மாதிரி நாற்றம் அடிக்கும். அப்படி ஒரு தடவை ஆகி, மாடிவீட்டுக்காரர்கள் இறங்கிவந்து, என்ன செத்துப்போச்சு என்று விசாரித்தார்கள்.

மேடம் தன் மகளை அத்திபெலேயில் ஒரு கன்னடக் குடும்பத்தில் கொடுத்திருந்தார். காதல் கல்யாணம். சம்பந்தியம்மா நன்றாகவே தமிழ் பேசுவார். கடைவீதியில் பேசிப் பழகிய தமிழ், கொஞ்சம் கூர்மையானது. கல்யாணத்தின்போது மேடத்தை எல்லாருக்கும், "ஃபேக்டரியில் பெரிய சூப்பர்வைசர்" என்று அறிமுகப்படுத்தியவர், யூனிட் மூடியபின், "பாவம், இப்போ மனேலி சும்னே இருக்காங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் சும்மா இருக்கிறார் என்ற அந்தச் சொல் மேடத்துக்குத் தைத்துவிட்டது. பேத்திக்குப் பெயர் வைக்கும் விழா என்றதும், வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில் தன் கையால் செய்த சோப்பு, பால் மாதிரி வெள்ளையாக, பிறந்த குழந்தைக்கே போடலாம் என்று போனில் சொல்லிவிட்டார். சம்பந்தியம்மாவும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அச்சில் ஊற்றிய சோப்பு நாலைந்து வாரமாவது காற்றில் கிடந்து ஆறினால்தான் காரம் போய்ச் சாதுவாகும். அதற்கு நேரம் இருந்தது. பால் சேரச் சேரப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்தில் யாரோ பெரியவர் நாள் பார்த்து, விழாவை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை அடித்த போனில் வந்த செய்தி அதுதான். திரும்பிப் பார்த்தால் பாத்திரம் சிவப்பு.

வேறு பாலும் இல்லை, வேறு நாளும் இல்லை. அதையே அச்சில் ஊற்றினோம். மறுநாள் வெட்டும்போது செங்கல் மாதிரி இருந்தது. மூங்கில் தட்டில் அடுக்கி, ஜன்னலோரம் வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டார். பிறகு அந்த மனுஷி உட்காரவே இல்லை. சோறு வடித்துக்கொண்டே போய்த் திருப்பிவைப்பார். பாதிப் பேச்சில் எழுந்துபோய்த் தொட்டுப் பார்ப்பார். போகப்போகச் சிவப்பு வெளிறி ஆரஞ்சானது. அதில் ஒரு சின்ன நம்பிக்கை. ஓரத்தைத் துளி கிள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். மேடம் வைத்ததும் தலையை உதறிக்கொள்வார். "கரண்டு மாதிரி சுர்ருங்குது. மேனேஜர் இன்னும் உள்ளதான் உக்காந்திருக்கான்." இரவானால் மகளின் போன். "அம்மா, அத்தை கேக்குறாங்க, எத்தினி பையி, என்னா கலருன்னு." மேடம், "ஆவுது, ஆவுது" என்பார். நானும் அந்த நாட்களில் வேலைக்கு மனுப் போட வேண்டியதை மறந்துவிட்டு அந்தத் தட்டையே சுற்றிவந்தேன். அவர் பதற்றம் தொற்றுகிற பதற்றம்.

விழாவன்று விடியற்காலையில் போனபோது சோப்புகள் காகிதம் சுற்றி, அட்டைப்பெட்டியில் தயாராக இருந்தன. அப்பாடா என்று இருந்தது எனக்கு. நாக்கில் சுடுவதுகூட நின்றுவிட்டது என்றார் டிரைவர் அண்ணன். ஆட்டோ வாசலில் நின்றது. கிளம்பும்போது மேடம் ஒரு சோப்பைப் பிரித்து, குழாயடியில் முழங்கை உள்பக்கம் தேய்த்துக் கழுவி, துடைக்காமல் அப்படியே நின்றார். கை காய்ந்தது. வெண்மையாய்ப் பூத்து, தோல் இழுத்துக்கொண்டது.

"வறவறன்னு இருக்கு."

"பெரியவங்க கைதானே, ஒண்ணும் ஆவாது. யாருக்குத் தெரியப் போவுது? வா, நேரமாச்சு" என்றார் அண்ணன்.

"இத வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல பச்சப்புள்ள இருந்தா? பச்சப்புள்ளைக்கே போடலாம்னு சொன்னது யாரு? நாந்தானே?" பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு வரை, பிறகு அத்திபெலே வரை பஸ்ஸில், கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

தொட்டில் போட்டு, பெயர் சொல்லி, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பந்தி முடிந்து பை கொடுக்கும் இடத்தில் சம்பந்தியம்மா ஒரு பையைப் பிரித்துப் பார்த்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய்.

"எல்லி? எங்க உங்க சோப்பு? ஃபேக்டரி அம்மா சோப்பு தராங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். மேடத்தின் காது சிவந்தது. ஆனால் குரல் லைனில் பேசுகிற குரல்.

"வேவுல சம்பந்தியம்மா."

"சோப்பு வேகணுமா? அய்யோ தேவரே, அது என்ன பருப்பா?"

"பருப்புன்னா வயித்த வலியோட போயிடும். இது கொழந்தைங்க மேல படுறது. அரைவேக்காட்டை என் கையால குடுக்கமாட்டேன். இங்க யார் யாருக்குத் தரணுமோ அவங்க வீட்டுக்கு நானே கொண்டாந்து குடுக்குறேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கொடுத்தபிறகு பார்க்கலாம் என்று இன்னொரு குரல். சம்பந்தியம்மா பையை மடித்துத் தந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மேடம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நான் தோளைத் தொட்டதும், "என்னாடி? தூசிடி" என்றார்.

ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தியம்மா ஒக்கலிபுரத்தில் வந்து இறங்கினார். காபி வேண்டாம், சோப்பைக் காட்டுங்கள் என்றார். மூங்கில் தட்டில் எல்லாம் வெளிர்மஞ்சளாக, சந்தனக்கட்டை மாதிரி இருந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தார். கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார் மேடம். "ச்சீ" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது வைத்தும் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, கத்தி கேட்டார். சோப்பை நடுவில் இரண்டாக வெட்டினார். வெளியே மஞ்சள், நடுவில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, ஆரஞ்சு இன்னும் போகவில்லை.

"கையில ஒண்ணும் பண்ணல, நாக்குலயும் ஒண்ணும் இல்ல. எடுத்துக்கலாம் சம்பந்தியம்மா. நடுவுல கலர்தான் அது" என்றார் மேடம். அவருக்கும் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. பெட்டியை அப்போதே கையில் எடுத்துவிட்டார்.

"பேடா, வேண்டாம். இருக்கட்டும்" என்றார் சம்பந்தியம்மா. இரண்டு துண்டையும் சேர்த்துப் பொருத்தித் தட்டிலேயே வைத்தார். "என் பேத்திக்கு அல்லவா? நடுவுலயும் ஆகட்டும். ஆனதும் நானும் வர்றேன். வீடு வீடாக் கொடுக்கப் போறீங்களே, எங்க ஊர்ல உங்களுக்கு வழி தெரியுமா?"

இன்றைக்குப் பெங்களூரில் சோப்பு வேண்டுமென்றால் போனைத் தட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து முடிப்பதற்குள் வாசலில் மணி அடிக்கிறது. நானும் அப்படித்தான் வாங்குகிறேன், வண்டி எந்தத் தெருவில் வருகிறது என்று திரையைப் பார்த்துக்கொண்டே, நிலைகொள்ளாமல். அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரங்களில் அந்த மத்தியானம் நினைவுக்கு வரும். சம்பந்தியம்மா கடைசியில் காபி குடித்தார். மேடம் நாலு தடவை எழுந்துபோய்த் தட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஐந்தாவது தடவை எழுந்தபோது சம்பந்தியம்மா அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் உட்காரவைத்தார்.