பாதிப் பயிர்

பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். மயிலாடும்பாறையில் கம்பு முழங்கால் உயரம் வந்ததும் மழை நின்றுவிட்டது.

எங்கள் நிலத்துக்குப் பக்கத்துத் துண்டு ஒரு அம்மாளுடையது. நெடிய, ஒல்லியான உடம்பு. தினமும் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அழுத்திப் பார்ப்பார்.

அன்று மண் பொடியாய் உதிர்ந்தது. உடனே பச்சைப் பயிரை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். அவருடைய கொழுந்தன் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"பிள்ளைக வாயில மண்ணப் போடுறீகளா, மதினி?"

"விடுங்க. இருக்குற ஈரம் பாதிப் பயிருக்குத்தான் காணும். அம்புட்டையும் விட்டா அம்புட்டும் சாகும்."

எங்கள் கம்பு முழுதும் கருகியது. அவர் விட்டுவைத்த பாதி கதிர் பிடித்தது. அறுப்பன்று, "எப்படித் துணிஞ்சீக?" என்று கேட்டேன்.

"துணிஞ்சா செஞ்சேன்? நடுங்கிக்கிட்டுத்தான் பிடுங்குனேன்."

அவர் பிடுங்கிய அன்று நாங்களும் அதே நடுக்கத்தோடுதான் வரப்பில் நின்றிருந்தோம். எங்கள் கை மட்டும் ஏன் எழவில்லை?